கட்டுப்பட்ட மதுக்கூடம்

கட்டுப்பட்ட மதுக்கூடம் என்பது, தனக்கு இடம் கொடுத்த பீர் ஆலையிடமே பீர் வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் கீழ் நடக்கும் மதுக்கூடம் ஆகும். பிரித்தானியாவில் இம்முறை பழமையானது. தூத்துக்குடிக் கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்த மீனை அவருக்கே கொடுப்பதை இது ஒத்தது. அங்கே கட்டு விற்பதில், இங்கே வாங்குவதில்.

இம்முறையில் வாடகை பொதுவாகக் குறைவு. பெரிய முதல் இல்லாதவரும் தொழில் தொடங்கலாம். பீரின் விலையோ வெளிச்சந்தையைவிட அதிகம். விற்பனை மந்தமான கடையை வாடகைச் சலுகை தாங்கிப் பிடிக்கும். கூட்டம் பெருகினால், ஒவ்வொரு பீப்பாய்க்கும் கொடுக்கும் கூடுதல் விலை அந்தச் சலுகையை விழுங்கிவிடும். ஆகவே கடை நன்றாக ஓடுகிறது என்பதால் அதை நடத்துபவர் நன்றாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது.

1989இல் பிரித்தானிய அரசு, 2,000க்கு மேல் மதுக்கூடங்கள் வைத்திருந்த ஆலைகள், அந்த வரம்பைத் தாண்டியவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க ஆணையிட்டது. ஆலைகள் பல கடைகளை விற்றன. வாங்கிய நிறுவனங்கள் பீர் காய்ச்சாதவை. ஆனாலும் கட்டை விடவில்லை. 2016இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்த விதிகள், 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப்பட்ட கடைகளை உடைய நிறுவனங்களின் குத்தகைதாரர்கள், வாடகை மறுஆய்வு போன்ற வேளைகளில் சந்தை வாடகை மட்டும் செலுத்தும் முறைக்கு மாற வழி செய்தன.

தமிழ்நாட்டில் ஆலைக்கும் கடைக்கும் இடையே இத்தகைய கட்டுக்கு இடமில்லை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் மொத்த விற்பனையையும், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்னிடம் வைத்துள்ளது. ஆனால் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை ஏலம் எடுப்பவர் வேறு வகையில் கட்டுப்பட்டவர். அவர் மது விற்க முடியாது. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவுமே அவருக்கு உரிமை. எந்தச் சரக்கு வரும், என்ன விலை, கடை எப்போது மூடும் என்பதில் அவருக்குச் சொல் இல்லை. கடையை இடம் மாற்றினால் பாரும் போயிற்று.

காலி பாட்டில் சிறு வருமானம் அல்ல. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022இல் நீலகிரியில், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பித் தந்தால் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. காட்டுக்கும் விலங்குகளுக்கும் இது நல்லது. பார்காரர் ஏலத்தில் எடுத்த இரண்டு உரிமைகளில் ஒன்றோ அந்தப் பத்து ரூபாயோடு கடைக்கே திரும்புகிறது.