எலியட் சிலேற்றரும் இரட்டையர் பதிவேடும்

உளநோய் குருதிவழி வருவதோ, வாழ்க்கை இடர்களால் விளைவதோ என்னும் வினா மிகப் பழையது. அதனை ஊகத்தினின்றும் மீட்டுக் கணக்கினுள் அடக்க முயன்றோருள் ஒருவர், இலண்டன் மோட்சிலி மருத்துவமனையின் உளமருத்துவரான எலியட் சிலேற்றர் (1904–1983).

1931இல் மோட்சிலியிற் சேர்ந்த இவர், 1934இல் றொக்பெல்லர் உதவிநிதி பெற்று மியூனிக் நகரத்து உளமருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். பரம்பரைக் கணிப்பு முறைகள் அக்காலத்தில் அங்கேதான் நுட்பமாக வளர்ந்திருந்தன. ஆயின், அந்நிலையத் தலைவர் ஏண்ஸ்ற் றூடினோ, உளநோயாளரை வலிந்து மலடாக்கும் 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விளக்கவுரை வரைந்தோருள் ஒருவர். அதே நிலையத்திற் பணிபுரிந்த யூதகுல வேதியியலறிஞர் லீடியா பஸ்ரர்நாக்கைச் சிலேற்றர் 1935இல் மணந்தார். இவ்வம்மையார் உருசியப் புலவர் போறிஸ் பஸ்ரர்நாக்கின் தங்கையாவார்.

சிலேற்றர் கைக்கொண்ட கருவி இரட்டையர் ஆய்வு. ஒரே கருவினின்று பிறந்த இரட்டையர்க்குப் பரம்பரை அலகுகள் பொது. இருகரு இரட்டையர்க்கோ அவை ஏனைய உடன்பிறந்தார்க்குப் போலப் பாதியளவே பொது. சிசோபிறீனியா எனும் உளப்பிளவு நோய் ஒருகரு இரட்டையர் இருவரையும் பற்றுதல் மிகுமாயின், பரம்பரையின் பங்கு புலனாகும். 1953இல் வெளிவந்த அவரது நூலில், ஒருகரு இணைகள் 37இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இருவரும் நோயுற்றிருந்தனர். இருகரு இணைகளில் அது ஏழிலொரு பங்களவே.

இத்தகைய ஆய்வுக்கு ஓரிடர் உண்டு. இருவரும் நோயுற்ற இணைகளே கண்ணில் எளிதிற் படுவன. தேடித் திரட்டுவோன் அவற்றையே மிகுதியாகத் திரட்டுவான். இதனைத் தவிர்க்கவே 1948 முதல், மோட்சிலிக்கு வரும் நோயாளர் ஒவ்வொருவரிடமும் இரட்டையராய்ப் பிறந்தனரோ என்று வினவிப் பதியும் ஏற்பாடு செய்யப்பட்டது. அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது என்பது எமது கருத்து.

1958இல் அவர் இந்நோய்க்குத் தனியொரு பரம்பரை அலகே அடிப்படை என்றார். மறு ஆண்டு அவரது தலைமையில் உளநோய்ப் பரம்பரை ஆய்வுப் பிரிவு மோட்சிலியில் அமைந்தது. அங்கே பணியாற்றிய யேம்ஸ் சீல்ட்சும் அமெரிக்காவினின்று வந்த ஏர்விங் கொற்றெஸ்மனும் அப்பதிவேட்டையே ஆராய்ந்தனர். 1967இல், பற்பல அலகுகள் சிறிது சிறிதாகக் கூடியே நோய்க்கு ஏதுவாகின்றன என்றனர். தலைவரின் கொள்கை அவரது பதிவேட்டின் துணையாலேயே தளர்ந்தது.

ஓய்வின் பின்னும் எண்ணும் பழக்கம் அவரை விட்டிலது. மூன்றாம் எட்வேட் நாடகம் சேக்சுபியர் இயற்றியதோ எனச் சொற்களை எண்ணி ஆய்ந்து, தம் 77ஆம் வயதிற் கலாநிதிப் பட்டம் பெற்றார்!

2022இல் 76,755 நோயாளரை உட்படுத்தி வெளிவந்த ஆய்வொன்று, நோயோடு தொடர்புடைய 287 மரபிடங்களைக் காட்டிற்று. தனித்து நோக்கின் பெரும்பாலானவற்றின் விளைவு மிகச் சிறிது. பெற்றோருள் ஒருவர்க்கு இந்நோயிருப்பின், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து. பொதுமக்களுள் அது நூற்றுக்கு ஒன்றளவு. திருமணம் பேசுமிடத்து முதலாம் எண்ணை அஞ்சிக் கூறுவோர், அத்தகைய பிள்ளைகள் பதின்மருள் ஒன்பதின்மர் இந்நோயின்றி வாழ்வதைச் சொல்வதில்லை.