கர்ப்பம் உறுதியானதும் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

பீரோவில், புடவை மடிப்புக்குள் ஒரு மாத்திரை அட்டை. மாமியார் கண்ணில் படாமல், எல்லோரும் தூங்கிய பிறகு ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டுப் படுக்க வேண்டும். வலிப்பு நோயை மறைத்துத் திருமணம் செய்துகொடுக்கப்பட்ட பெண்கள் பலருக்குப் புகுந்த வீட்டு வாழ்க்கை இப்படித்தான் தொடங்குகிறது. மறுவீடு, விருந்து, குலதெய்வக் கோயில் என்று அலையும்போது ஒரு வேளை தவறும். பிறகு இரண்டு வேளை. கடைசியில் கர்ப்பம் உறுதியானதும், 'குழந்தைக்கு ஆகாது' என்று மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள்.

குழந்தை மீதுள்ள அக்கறைதான் காரணம். ஆனால், அந்த முடிவு தாய், குழந்தை இருவருக்குமே ஆபத்தாக முடியலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

வலிப்பு மாத்திரை வேலை செய்ய, ரத்தத்தில் அதன் அளவு சீராக இருக்க வேண்டும். திடீரென நிறுத்தினால், பல மாதங்களாக வராத வலிப்பு திரும்ப வரலாம். சிலருக்கு நிற்காமல் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணி கீழே விழுந்தால் வயிற்றில் அடிபடும். வலிப்பு நீண்டுகொண்டே போனால், குழந்தைக்குச் செல்லும் ஆக்ஸிஜன் குறையும்.

இன்னொன்றும் உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகக் காரணமான நரம்புக்குழாய், கரு உருவான சுமார் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதனை செய்து, விஷயம் வீட்டுக்குத் தெரியும்போது அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். எனவே, மாத்திரை பற்றிய முடிவைக் கர்ப்பத்துக்கு முன்பே எடுப்பதுதான் சரி.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்கலாம். கர்ப்பத்தில் சோடியம் வால்புரோயேட் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் இது 100-க்குச் சுமார் 10. பேச்சு, கற்றல், வளர்ச்சியில் பின்தங்கும் வாய்ப்பும் 100-க்கு 30 முதல் 40 வரை. லேமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் போன்ற மருந்துகளில் பிறவிக் குறைபாட்டு ஆபத்து இதைவிட மிகக் குறைவு.

வால்புரோயேட் சாப்பிடுபவர்கள்கூட அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஒரு மருந்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டி மாற்றுவதற்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். புதிய மருந்தில் வலிப்பு கட்டுப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து 1998 முதல் கண்காணித்துவருகிறது. இதுபோன்ற பதிவேடுகள் பல நாடுகளில் உள்ளன. வலிப்பு நோயுள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆரோக்கியமான குழந்தைதான் பிறக்கிறது என்பதே இவை தரும் நம்பிக்கை.

குழந்தைக்குத் திட்டமிடும்போது

* சில மாதங்களுக்கு முன்பே நரம்பியல் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும். கணவரும் உடன் செல்வது நல்லது.
* மருந்து மாற்றம் முடியும்வரை கருத்தடை அவசியம். சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதால், எந்த முறை சரி என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும்.
* ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே, மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்க வேண்டும்.
* கர்ப்பகாலத்தில் லேமோட்ரிஜின் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் குறையும். டோஸை மருத்துவர் கூட்டினால் பயப்பட வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிறகு குறைத்துவிடுவார்கள்.

ஒரு வேளையும் தவறாமலிருக்க

தினமும் ஒரே நேரத்தில் அலாரம் வைக்கலாம். கிழமை எழுதிய மாத்திரை டப்பா, கைப்பையில் கூடுதலாக ஓர் அட்டை, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவைப்பது ஆகியவை உதவும். விரத நாளிலும் மாத்திரைக்கு விடுமுறை இல்லை. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. தவறினால் என்ன செய்வது, மசக்கையில் மாத்திரை வாந்தியாகிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வலிப்பு நோய் இருப்பதாலேயே சிசேரியன் தேவைப்படாது. பெரும்பாலான மருந்துகளுடன் தாய்ப்பாலும் கொடுக்கலாம். ஆனால், தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம். அதனால் இரவில் குழந்தையைக் கவனிக்கும் வேலையைக் கணவரும் வீட்டினரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் முதல் தேவை, வீட்டில் விஷயம் தெரிந்திருப்பது. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வரி, இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-ம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் மாறியும் வீடுகளில் பயம் மாறவில்லை. மாமியாரின் பிரஷர் மாத்திரை சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. மருமகளின் வலிப்பு மாத்திரையும் அதன் பக்கத்திலேயே இருந்தால், 'மாத்திரை போட்டுட்டியாம்மா?' என்று கேட்க வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள்.