படிக்க மட்டும், எழுத அனுமதி இல்லை!

வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டீர்கள். அதன் ஹார்ட் டிஸ்க்கில் குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்கள் இருந்தன. இடம் போதவில்லை என்று யாரோ அந்த போல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருக்கிறார்கள். விஷயம் இன்றுதான் தெரிய வருகிறது. உடனே என்ன செய்வோம்? டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேபிளில் மாட்டி, புதிய கம்ப்யூட்டரில் செருகுவோம். "பார்க்கத்தானே போகிறோம், எதையும் எழுதப் போவதில்லையே" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்வோம்.

நீங்கள் எழுத மாட்டீர்கள். ஆனால் விண்டோஸ் எழுதும்.

டிஸ்க்கைச் செருகியதும் அதில் 'சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன்' என்னும் மறைவான போல்டரை விண்டோஸ் உருவாக்கலாம். தனக்கென ஒரு ரீசைக்கிள் பின்னையும் அங்கே அமைத்துக்கொள்ளும். முன்பு சரியாக மூடப்படாத டிஸ்க் என்றால், பாதியில் நின்ற வேலைகளைத் தானாகவே சரிசெய்து எழுதும். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளில், ஒரு பைலைத் திறந்து பார்த்தாலே அது 'கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம்' மாறிவிடும்.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு பைலை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வீட்டைக் காலி செய்தவரின் சாமான்கள் உள்ளேயே கிடக்க, வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை மாட்டியது போல. புதிதாக எழுதப்படும் எதுவும் அந்த இடத்தில் குடியேறலாம். அப்படிக் குடியேறிய இடத்தில் இருந்த படம் திரும்ப வராது.

உண்மையைச் சொன்னால், ஒருமுறை செருகுவதால் மட்டும் எல்லாப் படங்களும் போய்விடாது. பெரிய ஆபத்து அதன் பிறகு வருவது. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த பார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி தோன்றும். அவசரத்தில் விரல் சரி என்பதை அழுத்திவிடும். அல்லது பிழைகளைச் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். நல்லதுதானே என்று ஒப்புக்கொள்வோம். படங்களை மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்பவர்களும் உண்டு!

அந்தக் கால ஆடியோ கேசட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், அதன் மேல் வேறு பாட்டைப் பதிவு செய்ய முடியாது. பிளாப்பி டிஸ்க்கிலும் அதற்கென நகர்த்தும் சிறு தடுப்பு இருந்தது. நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்குகளில் அது இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் கருவிதான் 'ரைட் பிளாக்கர்'.

எப்படி வேலை செய்கிறது?

இது டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்காரும் ஒரு சிறு பெட்டி. கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையையும் பார்க்கும். 'இந்த செக்டாரைப் படி' என்றால் விடும். 'எழுது' என்றால் டிஸ்க்குக்குப் போகவிடாது. தடயவியல் துறையினருக்காக உருவான கருவி இது. டேப்ளோ என்ற பெயரில் வருபவை அத்துறையில் பிரபலம். அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு இத்தகைய கருவிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி அடாப்டர்களும் பார்க்க இதைப் போலவே இருக்கும். ஆனால் அவை எல்லாக் கட்டளைகளையும் அப்படியே உள்ளே விட்டுவிடும். தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இணைக்கும்போது பவர் அணைந்திருக்க வேண்டும். முதலில் டிஸ்க்கை பிளாக்கரின் டிஸ்க் பக்கத்தில், டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கொண்டு இணையுங்கள். பட்டையான கேபிள் கொண்ட பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் ஜம்பர் 'மாஸ்டர்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மறுபக்கத்தை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருடன் இணைத்து, கடைசியாக பிளாக்கரின் பவரைப் போடுங்கள். சில கருவிகளில் எழுதவும் அனுமதிக்கும் சுவிட்ச் இருக்கும். எழுதுவதைத் தடுக்கும் நிலையைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

விளக்கை மட்டும் நம்புவதும் போதாது. முக்கியமான டிஸ்க்கை மாட்டும் முன், பயனில்லாத ஒரு டிஸ்க்கை மாட்டி, அதில் ஒரு பைலைக் காப்பி செய்து பாருங்கள். பிழைச் செய்தி வரலாம். சில பிளாக்கர்களில் காப்பி ஆகிவிட்டது போலவே தெரியும், பயப்பட வேண்டாம். கருவி 'எழுதியாயிற்று' என்று பொய் சொல்ல, விண்டோஸ் தன் நினைவகத்தில் இருப்பதைக் காட்டுகிறது. கழற்றி மீண்டும் மாட்டினால் அந்த பைல் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

அடுத்து?

மீட்பு வேலையை அசல் டிஸ்க்கில் செய்யாமல், முழு நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எப்டிகே இமேஜர் என்ற இலவச மென்பொருள், காலி இடங்களையும் சேர்த்து டிஸ்க் முழுவதையும் ஒரே பைலாக்கும். சாதாரண காப்பி-பேஸ்ட்டில் அழிந்த படங்கள் வராது. நகலை வைக்க அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க் தேவை. 500 ஜிபி டிஸ்க்கை யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 30 எம்பி வேகத்தில் படித்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். கம்ப்யூட்டர் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பை மட்டும் மாற்றி வையுங்கள்.

நகல் முடிந்ததும் ஹாஷ் எனப்படும் நீண்ட எண் ஒன்று கிடைக்கும். இது டிஸ்க்கின் கைரேகை மாதிரி. அசலின் ஹாஷும் நகலின் ஹாஷும் ஒன்றானால் இரண்டும் ஒன்றே. நீதிமன்றங்களுக்கும் இது முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்துடன் தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும்.

இந்தக் கருவியால் ஆகாத காரியங்களும் உண்டு. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்துங்கள். அது இயந்திரக் கோளாறு, மீட்பு நிபுணரின் வேலை. எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். பைலை அழித்ததுமே அந்த இடம் தேவையில்லை என்று விண்டோஸ் சொல்லியிருக்கும். பவர் கிடைத்தால் போதும், எஸ்எஸ்டி தன்னுள்ளேயே துடைக்கும் வேலையைத் தொடரும். வெளியே நிற்கும் பிளாக்கரால் அதைத் தடுக்க முடியாது.

தடயவியல் பிளாக்கரின் விலை வீட்டு உபயோகத்துக்கு அதிகம்தான். கிடைக்காதவர்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், 'ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்' என்ற கீயின் கீழ் 'ரைட் ப்ரொடெக்ட்' மதிப்பை 1 என மாற்றி, யுஎஸ்பி டிஸ்க்குகளுக்கு எழுதுவதைத் தடுக்கலாம். எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் இந்த வசதி உண்டு. டிஸ்க்கைச் செருகும் முன்பே மாற்றிவிட வேண்டும். கருவி தரும் நம்பிக்கையை இது தராது. படங்களுக்குப் போதும், வழக்குக்குப் போதாது.

நகல் கிடைத்த பிறகு அசல் டிஸ்க்கை ஆன்டி-ஸ்டேட்டிக் உறையில் போட்டு, தேதியையும் ஹாஷையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்து, பீரோவில் பூட்டுங்கள். மீட்பு மென்பொருள்களை இனி நகலின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம்.