கன்னத்தில் ஓட்டையா? கைகொடுக்கும் தொடை!

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கவனித்துப் பாருங்கள். வாயில் அதக்கிய புகையிலையோடு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிற பெரியவர் ஒருவராவது கண்ணில் படுவார். இப்படிப் பல வருஷம் அதக்கும் இடத்தில்தான் ஒருநாள் ஆறாத புண் வருகிறது. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா கன்னத்தையே வெட்டிடுவாங்க’ என்ற பயத்திலேயே மாதங்கள் ஓடிவிடும்.

வெட்டுவது உண்மைதான். புற்று கன்னத்தைத் துளைத்துவிட்டால் தோலோடு எடுத்தாக வேண்டும். ஆனால், ஓட்டையை அப்படியே விட்டுவிடுவதில்லை. தொடையின் முன்-வெளிப்பக்கத்திலிருந்து தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் கொஞ்சம் சதை என்று ரத்தக்குழாயோடு சேர்த்தே எடுத்து முகத்தில் பொருத்துகிறார்கள். 1984-ல் சீன மருத்துவர்கள் விவரித்த முறை இது. தைவானின் ஃபூ-சான் வெய் குழு, 672 முறை செய்து பார்த்த அனுபவத்தை 2002-ல் வெளியிட்டது.

நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்வது நம் ஊர் பழைய வித்தை. அதில் தோலின் ஒரு முனை நெற்றியோடு ஒட்டியே இருக்கும். தொடைத் தோலோ மொத்தமாகப் பிரிந்து வருகிறது. சுமார் 2 மி.மீ. குழாயை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் கழுத்து ரத்தக்குழாயோடு தைக்க வேண்டும். அங்கே அடைத்துக்கொண்டால் வைத்த சதை செத்துவிடும். அதனால்தான் முதல் சில நாள்கள் நர்ஸ் அடிக்கடி வந்து தொட்டுப் பார்ப்பார், ஊசியால் குத்தியும் பார்ப்பார். கோபப்படாதீர்கள். வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ உடனே மறுபடியும் தியேட்டர்தான்.

ஏன் தொடை? ஒரு குழு வாயில் புற்றை எடுக்கும்போதே இன்னொரு குழு காலில் வேலையைத் தொடங்கலாம். தழும்பு வேட்டிக்குள், புடவைக்குள் மறைந்துவிடும். குறைகளும் உண்டு. பருமனானவர்களுக்குக் கன்னம் உப்பலாகத் தெரியும், பிறகு குறைக்கலாம். ஆண்களுக்கு இன்னொரு சங்கடம், வாய்க்குள் தொடை முடி வளரும்! கதிர்வீச்சு சிகிச்சை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது உதிர்ந்துவிடுகிறது.

எல்லோருக்கும் தொடைதான் என்றில்லை. நீண்ட ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றால் நெஞ்சுச் சதையைத் திருப்பி வைப்பார்கள். ‘எனக்கு எது?’ என்று டாக்டரிடமே கேளுங்கள்.

வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். புற்றுநோய், பிளாஸ்டிக் சர்ஜரி இரண்டு பிரிவுகளும் உள்ள புதுச்சேரி ஜிப்மரும் பக்கம்தான். கிளம்பும்போது காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள்.