மிதிவண்டிச் சட்டமும் உறுப்புப் பொருத்தமும்

தோட்டத்து லயங்களின் புறத்தேயும் பழைய இரும்புக் கடைகளிலும் சக்கரமிழந்த மிதிவண்டிச் சட்டங்கள் கிடப்பதுண்டு. அவற்றுள் ஒன்றை வாங்கிப் பழைய பந்தய வண்டியாகப் பூட்டி ஓட்ட விரும்புவோர் சட்டத்தின் வண்ணத்தையும் முத்திரையையும் முதலில் நோக்குகின்றனர். முதற்கண் நோக்கவேண்டியது அளவே. நிலைமொழியின் ஈறறியாமல் வருமொழியைப் புணர்த்த இயலாது. அதுபோலவே, சட்டத்தின் அளவறியாமல் எவ்வுறுப்பையும் அதனோடு பூட்ட இயலாது.

உறுப்புப் பொருத்தத்தின் வலிமைக்குத் தம்பின் மாவட்டமே ஒரு சான்று தருகிறது. 1942 ஜனவரி 14ஆம் நாள், இம்மாவட்டத்தின் கெமெஞ்சே அருகிலுள்ள பாலத்தில், ஜப்பானிய மிதிவண்டிப் படையினரை ஆஸ்திரேலியர் மறைந்திருந்து தாக்கினர். அப்படையினர் தாய்லாந்து எல்லையிலிருந்து அத்தனை தொலைவு மிதிவண்டியில் வந்தது எவ்வாறு? ஜப்பானிய மிதிவண்டிகள் போருக்கு முன்னரே மலாயாவில் விற்பனையாகி வந்தமையால், வேண்டிய உறுப்புகள் வழியிலேயே கிடைத்தன என்று, படையெடுப்பைத் திட்டமிட்டோருள் ஒருவரான சுஜி மசநொபு பின்னர் எழுதினார். வண்டி பழுதாவது இயல்பு. பொருந்தும் உறுப்பு கிடைக்குமாயின் அது மீண்டும் ஓடும்.

இனி, சட்டத்தைச் சோதிக்கும் முறையைக் காண்போம். முன்கவை பொருந்தும் தலைக்குழாயை அடுத்து, மேற்குழாயின் அடியிலும் கீழ்க்குழாயின் அடியிலும் விரலால் தடவுக. அங்கே சிறு மடிப்போ வண்ணச் சுருக்கமோ தோன்றினால், வண்டி எதன்மீதோ மோதியது என்பது பொருள், அச்சட்டத்தை விலக்குக. பின்னர், பின் அச்சு அமரும் பிளவு ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்கு இழுத்துக் கட்டுக. இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒத்திருந்தால் சட்டம் நேராக உள்ளது. இருக்கைத் தண்டும் கைப்பிடித் தண்டும் துருவேறி இறுகியிருக்கின்றனவா என்பதை விலை பேசுமுன் அசைத்துப் பார்த்தல் நன்று.

அடுத்தது மரை. மிதி அச்சைத் தாங்கும் கிண்ணங்கள் சட்டத்தின் அடிக்குழலில் மரையால் பூட்டப்படுகின்றன. பிரிட்டிஷ் முறைச் சட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை உண்டு. நாட்டிங்ஹாம் நகரத்து ராலே நிறுவனமோ தன் வண்டிகள் பலவற்றில் 26 மரை வைத்தது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றின் கிண்ணம் மற்றதில் ஏறாது. வலிந்து ஏற்றினால் சட்டத்தின் மரையே அழியும். மேலும், பிரிட்டிஷ் முறையில் வலப்பக்கக் கிண்ணம் எதிர்மரை உடையது. கடிகார முள் செல்லும் திசையில் திருகினால்தான் கழலும். இடக்கால் மிதியும் அவ்வாறே. இதனை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுகின்றனர்.

மூன்றாவது, பின் அச்சின் அகலம். ஐந்து பற்சக்கரம் உடைய பழைய பந்தய வண்டிகளில் இது பெரும்பாலும் 120 மில்லிமீட்டர், ஆறு, ஏழு உடையவற்றில் 126, பின்வந்தவற்றில் 130. எஃகுச் சட்டமாயின், கைதேர்ந்த தொழிலாளர் பின்கிளைகளை அளவாக விரித்துத் தரலாம். அலுமினியச் சட்டத்தில் அது கூடாது, வெடிப்புக் காணும்.

நான்காவது, சக்கரம். இங்கேதான் பெயர் நம்மை ஏய்க்கிறது. டயர் அமரும் ரிம்மின் விட்டம், தோட்டங்களில் ஓடிய கனத்த 28 அங்குல வண்டியில் 635 மில்லிமீட்டர். 27 அங்குலப் பந்தய வண்டியில் 630. 700 சி எனப்படும் இக்காலச் சக்கரத்தில் 622. டயரின் பக்கவாட்டில் 32-630 என்பதுபோல் அச்சிட்டிருப்பின், பின்னுள்ள எண்ணே ரிம்மின் விட்டம். அவ்வெண்ணைக் கண்டே டயர் வாங்குக. 630க்குச் செய்த சட்டத்தில் 622 சக்கரத்தைப் பூட்டினால், பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பிரேக்கின் கை அவ்வளவு எட்டுமா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். எட்டாத கட்டை ரிம்மைப் பற்றாது டயரை உராயும். இறக்கத்தில் டயர் வெடிக்கும். அப்போது இழப்பது பொருள் மட்டுமன்று.

ஆதலின் சட்டம், மரை, அகலம், விட்டம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க. வண்ணம் பூசுவதும் முத்திரை ஒட்டுவதும் வண்டி ஓடி, நின்று காட்டிய பின்னர் ஆகட்டும்.