பாட்டி பட்டுக்குத் தீயா? பேத்திக்குப் பாவாடை ஆகுமே!

சாமல்பட்டி,

“பழைய பட்டுச் சேலை வாங்குறோம்... ஜரிகைச் சேலை வாங்குறோம்...”

ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் இருக்கிற இந்த ஊரானாலும் சரி, பக்கத்து ஊத்தங்கரை, பர்கூரானாலும் சரி, ஸ்பீக்கர் கட்டிய மொபட்டில் இந்தக் குரல் கேட்டால் போதும். அடுப்படியில் நிற்கிற தாய்மார்கள் பீரோ சாவியைத் தேட ஆரம்பித்து விடுகிறார்கள்.

வாங்கிப் போகிறவர் அதை உடுத்தவா போகிறார்? தீ வைக்கத்தான் போகிறார்!

வெள்ளி ரகசியம்

அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அதை உருக்கிக் கட்டியாக்கி விடுகிறார்கள். வெள்ளி விலை 2025-ல் கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. மொபட் ஏன் இத்தனை தரம் சுற்றுகிறது என்று இப்போது புரிகிறதா?

விற்பது தப்பில்லை. என்ன போகிறது என்றே தெரியாமல் விற்பதுதான் கொடுமை. என் வீட்டிலேயே நடந்தது. பாட்டியின் முகூர்த்தப் பட்டு ஒரு எவர்சில்வர் குடத்துக்குப் போனது. குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள்.

ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். செம்புக் கம்பியில் முலாம் பூசிய ஜரிகையும் உண்டு. வெறும் பிளாஸ்டிக் இழையும் உண்டு. அந்தச் சேலை என்றால் மொபட்காரரே திருப்பிக் கொடுத்து விடுவார்!

மல்பெரி இலை போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிற மாவட்டம் இது. கூடு விற்றுப் பிழைக்கிற சீமையிலேயே பட்டைக் கொளுத்த விடலாமா?

பெட்டியில் தூங்கும் பட்டு

நம் பெண்பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். தூரமென்றால் ஓசூரில் தங்கி வேலை பார்க்கிறார்கள். தினம் சுடிதார்தான். கல்யாணம், மாரியம்மன் பண்டிகை என்றால்தான் பட்டு. அதனால் அம்மாவின் சேலை பெட்டியில் கிடந்து, மடித்த மடிப்பிலேயே இற்றுப் போகிறது.

ஐந்தரை மீட்டர் துணி அது! சின்னப் பெண்ணுக்குப் பாவாடை சட்டை தைக்கலாம். கரை பாவாடையின் கீழ்ப்பக்கம் வரும், முந்தானையில் சட்டை. பெரிய பெண்ணுக்குச் சுடிதார் டாப் ஆகும். மிச்சத்தில் தாம்பூலச் சுருக்குப் பை.

ஆனால் நேரே கத்தரி வைத்து விடாதீர்கள். முதலில் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்தைத் தள்ளித்தான் வெட்ட வேண்டும். இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். “சர்” என்று கிழிந்தால் உடுப்புக்கு ஆகாது, பைக்குத்தான் ஆகும். உள்ளே பருத்தி லைனிங் முழுசாகக் கொடுக்கச் சொல்லுங்கள். உடம்பை இறுக்கித் தைத்தால் பழம்பட்டு தாங்காது. பாவாடையில் உள்மடிப்பு அதிகம் விடச் சொல்லுங்கள், பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம்.

பெரிய நகரங்களில் இதற்கென்றே கடை போட்டு நல்ல கூலி வாங்குகிறார்கள். நம் ஊர் மாமிகளுக்கு இது புதுசா என்ன? பழஞ்சேலையில்தானே ஏணை கட்டினார்கள், வேட்டியில்தானே பிள்ளைக்கு விரித்தார்கள்! டெல்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு பழந்துணியைச் சேர்த்து மெத்தை விரிப்பு வரை தைக்க வைக்கிறது. அவருக்கு 2015-ல் மகசேசே விருதே கிடைத்தது.

விற்றே தீர வேண்டுமா? மொபட்டைப் போக விடுங்கள். ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்துப் போய், தெரிந்த இரண்டு வெள்ளிக் கடையில் விலை கேளுங்கள். உடல் துணி வீட்டிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. முன்பின் தெரியாதவர் முன்னால் பீரோவைத் திறக்கவே திறக்காதீர்கள். சேலையை வாசலுக்குக் கொண்டு வந்து காட்டுங்கள்.