மன்னார்குடி தந்த ஆயிரம் முகம்!

டி.வி.யில் பழைய படம் ஓடும்போது, "அட, ஆச்சி வந்தாச்சு!" என்று பாட்டி நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஆச்சிதான் நடிகை மனோரமா!

அவர் எந்த ஊரில் பிறந்தார் தெரியுமா? காவிரித் தண்ணீரில் நெல் விளையும் டெல்டா பகுதியில், கோயில் மதிலழகுக்குப் பெயர் பெற்ற மன்னார்குடியில்! பிறந்த நாள் 1937 மே 26. பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. மன்னார்குடி அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது.

பாதியில் நின்ற படிப்பு

அப்பா குடும்பத்தைக் கைவிட்டுவிட்டார். அம்மா ராமாமிர்தம் மகளைத் தூக்கிக்கொண்டு காரைக்குடி பக்கம் உள்ள பள்ளத்தூருக்குப் போனார். அங்கே வறுமை வாட்டியது. கோபிசாந்தாவின் படிப்பு பாதியிலேயே நின்றது. உங்கள் வயதில் அவர் இன்னொரு வீட்டில் வேலை பார்த்தார். இன்றைக்கு 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி சட்டப்படியான உரிமை. அன்று அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆனால், அவரிடம் நல்ல குரல் இருந்தது. பள்ளத்தூரில் நடந்த ஒரு நாடகத்தில் பாடத் தெரிந்தவர் தேவைப்பட்டார். கோபிசாந்தா மேடை ஏறினார். நாடகக்காரர்கள் சூட்டிய பெயர்தான் மனோரமா!

கவிஞர் சொன்ன யோசனை

1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் மனோரமாவுக்கு வாய்ப்பு வந்தது. அது நகைச்சுவை வேடம். "மேடையில் கதாநாயகியாக நடித்துவிட்டு, சினிமாவில் சிரிப்பு வேடமா?" என்று அவருக்குத் தயக்கம். கதாநாயகியாக நடித்தால் சில ஆண்டுகள்தான். நகைச்சுவை நடிகை என்றால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னார். மனோரமா ஒப்புக்கொண்டார்.

1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனாலும் அவரை உயர்த்தியவை சின்னச் சின்ன வேடங்களே!

சில நிமிடம் போதும்

நாயகனும் நாயகியும் படம் முழுக்க வருவார்கள். குணச்சித்திர நடிகருக்குக் கிடைப்பது சில காட்சிகள்தான். அதற்குள் இவர் யார், எந்த ஊர், நல்லவரா, கோபக்காரரா என்பதெல்லாம் நமக்குப் புரிந்துவிட வேண்டும். கஷ்டமான வேலை, இல்லையா?

மனோரமா இதில் கெட்டிக்காரர். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' சிக்கல் நாதஸ்வரக் கலைஞரும் திருவாரூர் நாட்டியப் பெண்ணும் போட்டியிடும் டெல்டா மண்ணின் கதை. சிவாஜி, பத்மினி என்ற இரண்டு பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவே நாடகக்காரி 'ஜில் ஜில் ரமாமணி'யாக வந்தார் மனோரமா. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள்!

அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் பேசினார், பாடினார். 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. 1992-இல் 'சின்னக்கவுண்டர்' படத்தில் பல் துருத்திய கிராமத்துத் தாய். எல்லாம் ஒரே ஆள்தான் என்றால் நம்ப முடிகிறதா?

செட்டிநாட்டில் பெண்களை மரியாதையாக 'ஆச்சி' என்பார்கள். அங்கே வளர்ந்த மனோரமாவுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஐந்து முதல்வர்கள்

அண்ணா, கலைஞர் ஆகியோருடன் நாடகத்திலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோருடன் சினிமாவிலும் நடித்தவர் மனோரமா. ஐவருமே முதலமைச்சர் ஆனவர்கள்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து கின்னஸ் சாதனை படைத்தார். 'புதிய பாதை' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 2002-இல் பத்மஸ்ரீ விருது. டி.வி. தொடர்களிலும் நடித்தார். 2015 அக்டோபர் 10 அன்று, 78 வயதில் சென்னையில் மறைந்தார்.

நீங்களும் நடிக்கலாமே!

"சாப்பிட்டாயா?" என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவைக்காரர், "ஏனுங்க, சாப்ட்டீங்களா?" என்பார். திருநெல்வேலிக்காரர், "ஏலே, சாப்ட்டியாலே?" என்பார். உங்கள் ஊரில் எப்படிக் கேட்பார்கள்? பால்காரர் எப்படிக் கேட்பார்? பஸ் கண்டக்டர் எப்படிக் கேட்பார்? காதைத் தீட்டிக்கொண்டு கவனியுங்கள். பிறகு அப்படியே பேசிப் பாருங்கள். யாரையும் கேலி செய்வதற்காக அல்ல, அவர்களைப் புரிந்துகொள்வதற்காக!

அடுத்த பள்ளி ஆண்டு விழாவில் ராஜா வேடம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். "காவலாளி வேடம்தானா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காவலாளி எப்படி நடப்பார், எப்படிக் கொட்டாவி விடுவார் என்று யோசியுங்கள். நாடகம் முடிந்ததும் எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள், பாருங்களேன்!